கொக்கி போடாத கடிதம்

மல்லாவிச் சந்தியில்
பாண் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில்
ஒரு கொம்பியூட்டர் ஒரு போட்டோக்கொப்பி மெசின்
சுவரில் விலைப்பட்டியல்
தமிழ் ஒரு பக்கம் அறுபது ரூபா
ஆங்கிலம் எண்பது
அங்கேதான் நான் தட்டச்சு செய்கிறேன்

முதலில் அது என் முடிவல்ல
எண்டர் பொத்தானுக்குப் பக்கத்துப் பொத்தான்
ஒரு மாரியில் எறும்பு புகுந்து செத்துப்போனது
டோன்ட் கான்ட் இசின்ட்
எல்லாம் கொக்கியில்லாமலே போயின
ஒருவரும் திரும்பி வந்து கேட்கவில்லை
வங்கி கடன் கொடுத்தது
தூதரகம் விசா மறுத்தது
கொக்கி இருந்தாலும் மறுத்திருக்கும்

தை மாதம் பரந்தனிலிருந்து ஒரு பொடியன் வந்து
புதுக் கீபோர்ட் பூட்டினான்
அந்தப் பொத்தான் பளபளவென்று கிடந்தது
என் சுண்டுவிரல் அதன் மேல் போய்
நின்று
திரும்பி வந்தது

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் கேட்டாள்
படித்தவள்தானே நீ
வெட்கமாய் இல்லையா
ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார் என்று எழுதினேன்
வரிக்கு மேலே வளைந்து வளைந்து நிற்பவை
முள்ளுக்கம்பி மாதிரித் தெரியவில்லையா
அதற்குள் நான் நிறைய நாள் இருந்திருக்கிறேன்
அவள் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள்
பிறகு அதை அழித்தாள்

அது அரைக் காரணம்
மற்ற அரை இலக்கணம்
தமிழில் எழுத்து விழுந்தால் விழுந்ததுதான்
வீடு இல்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்
வீடில்லை
நடுவில் இருந்த உகரம் எங்கே என்று
எந்த வரியும் நின்று கேட்பதில்லை
வீடில்லை மாடில்லை ஆடில்லை என்று
நட்ட ஈட்டுக்குப் போன ஒரு விண்ணப்பத்தில்
ஒரே பக்கத்தில் ஒன்பது உகரம் விழுந்திருந்தது
எண்ணியிருக்கிறேன்
மின்சாரம் போன ஒரு பின்னேரம்
வேறு வேலை இல்லாமல்

இராசமலர் பங்குனியில் வந்தாள்
பாலிநகரிலிருந்து சைக்கிளில்
முன் கூடையில் ஒரு பொலித்தீன் பை
பைக்குள் பை
அதற்குள் அவளுடைய மனிசனின் படம்
எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை
அதை ஆங்கிலத்தில் கொழும்புக்கு எழுத வேண்டும்
எழுதினேன்
என் வழக்கப்படி

ஆனியில் கடிதம் திரும்பி வந்தது
பதில் இல்லை
நான் அடித்த அதே தாள்
யாரோ சிவப்புப் பேனையால்
ஏழு இடத்தில் கொக்கி போட்டிருந்தார்
அளவாக
எழுத்தில் முட்டாமல்
பொறுமையான ஆளாக இருக்க வேண்டும்

உதென்ன பிள்ளை
இதில ஒரு எழுத்து இல்லை அக்கா
இருந்த இடத்துக்கு அடையாளம்
ஏழிலுமா
ஏழிலும்

தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்
ஒவ்வொரு கொக்கியாய் நகத்தால் தொட்டாள்
உரக்கடையில் யாரோ
யூரியா மூட்டை இறக்கும் சத்தம்
அப்ப
அவங்களுக்குத் தேடத் தெரியும்
என்றாள்

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை
மெசினின் மூடியைத் திறந்தேன்
மூடினேன்

திரும்ப அடி பிள்ளை
இந்த முறை கொக்கி போடவா அக்கா
போடாதை
இன்னொருக்காத் தேடட்டும்

அடித்து முடித்ததும்
போடாத கொக்கிக்கெல்லாம் காசென்ன என்று
பத்து ரூபா குறைக்கச் சொன்னாள்
குறைத்தேன்